ஒரு ஜோடிக் கம்பியும் 256 தொனிகளும்

நம் வீடுகளுக்குத் தொலைபேசிக் கம்பி வந்து சேர்ந்த காலத்தில், அதன் வழியே மனிதக் குரலைத் தவிர வேறொன்றும் போகவேண்டியிருக்கும் என்று அதை இழுத்துக் கட்டியவர்கள் நினைத்ததில்லை. ஆகையால் அந்தக் கம்பியைப் பற்றி நெடுங்காலம் நிலவிவந்த அபிப்பிராயமும், குரல் செல்லும் அளவுக்குத்தான் அது இடங்கொடுக்கும் என்பதாகவே இருந்தது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு வழங்கத் தொடங்கியபோது, சந்தாதாரர் தமது கணினியை மோடம் என்னும் சாதனத்தின் மூலம் தொலைபேசிக் கம்பியோடு சேர்த்து, ஓர் எண்ணை அழைத்து, அது கீச்சென்றும் கரகரவென்றும் எழுப்பும் சப்தங்கள் அடங்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே உள்ளே நுழைய முடிந்தது. அவர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் வீட்டுத் தொலைபேசி எங்கேஜ்டு. அழைத்துப் பார்த்துச் சலித்த உறவினர்களின் கோபம் தனி. அந்த மோடத்தின் வேகம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்ந்து, விநாடிக்கு 56 கிலோபிட் என்னும் இடத்தில் வந்து நின்றுவிட்டது. செம்புக் கம்பியின் சக்தி அவ்வளவுதான் என்று பலரும் தீர்மானித்துவிட்டார்கள். வாஸ்தவத்தில் அந்த எல்லை கம்பியினுடையது அன்று. கம்பி போய் முடிகிற தொலைபேசி நிலையத்தினுடையது.

தொலைபேசி நிலையங்கள் டிஜிட்டல் முறைக்கு மாறிய பிறகு, ஒவ்வொரு சந்தாதாரரின் குரலும் விநாடிக்கு 8000 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாக எழுதப்பட்டு, 64 கிலோபிட் ஓட்டமாக மேலே செல்கிறது. அவ்வாறு அளப்பதற்கு முன்னால், சுமார் 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு வடிப்பான் நீக்கிவிடுகிறது. பேச்சு விளங்குவதற்கும், பேசுகிறவர் இன்னாரென்று அடையாளம் தெரிவதற்கும் அந்த அளவே போதும் என்பது பொறியாளர்களின் நீண்ட அனுபவத்தில் நிச்சயமான சங்கதி. மோடம் பாடிய பாட்டெல்லாம் இந்தச் சிறு வரம்புக்குள்தான். ஒரு தொடர்பு வழியில் எவ்வளவு செய்தி செல்லலாம் என்பதை அதில் கிடைக்கும் அதிர்வெண்களின் அகலமும், அதில் கலந்துள்ள இரைச்சலுக்குமேல் சமிக்ஞை எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதுமே நிர்ணயிக்கின்றன என்று பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் 1948இலேயே கணித ரீதியாக நிரூபித்திருந்தார். அகலத்தை 3400 ஹெர்ட்ஸோடு வெட்டிவிட்டால், எத்தனை சாமர்த்தியமான மோடமாக இருந்தாலும் ஷானனுடைய சூத்திரத்தை மீற வழியில்லை. வடிப்பானுக்கு இப்புறத்திலேயே, கம்பி நிலையத்துக்குள் நுழைகிற வாயிலிலேயே உயர்ந்த அதிர்வுகளைப் பிரித்து எடுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் டி.எஸ்.எல். எனப்படும் டிஜிட்டல் சந்தாதாரர் இணைப்பு. அதில் குரல் வழக்கம்போல் நிலையத்தின் சுவிட்சுக்குப் போகிறது. இணையச் செய்தியோ அந்தச் சுவிட்சின் பக்கமே எட்டிப் பாராமல் வேறோர் இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. பேசிக்கொண்டே இணையத்தையும் உபயோகிக்க முடிவது இதனால்தான்.

இனி அந்தக் கம்பியின் யோக்கியதையைச் சற்று விஸ்தாரமாகப் பார்க்கவேண்டும். தொலைபேசிக்கு வருவது ஒரு கம்பியல்ல, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு செல்லும் இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள். நேராகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் கம்பிகளில் வெளியிலிருந்து வரும் மின் தொந்தரவு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் புகுந்தாலும், எது தொந்தரவுக்கு அருகில் இருக்கிறதோ அதில் ஒரு பங்கு அதிகமாகப் புகும். முறுக்கிவிட்டால் இரண்டு கம்பிகளும் மாறி மாறி அருகில் வருவதால், புகுந்த தொந்தரவு சமமாகி, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டுமே கவனிக்கும் கருவியில் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லே 1881இல் இந்த முறுக்குக் கம்பிக்கும் காப்புரிமை பெற்றார். இன்றுவரை இந்த எளிய யுக்திக்கு மாற்று ஏற்படவில்லை.

நெடுந்தூரம் செல்லும்போது குரல் மங்குவதைத் தடுக்க இன்னொரு யுக்தி செய்தார்கள். கம்பியில் ஆங்காங்கே மின் தூண்டு சுருள்களைச் சேர்த்தால் குரல் சிதையாமல் போகும் என்பதற்கான தத்துவத்தை ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேய மேதை கூறியிருந்தார். பள்ளிப்படிப்பையும் முடிக்காமல், தனியாக உட்கார்ந்து மின்காந்த சாஸ்திரத்தையே திருத்தி எழுதிய மனிதர் அவர். அந்தத் தத்துவத்தைக் காரியத்தில் கொண்டுவரும் முறையை அமெரிக்காவில் மைக்கேல் பூபினும் ஜார்ஜ் கேம்பெல்லும் ஏககாலத்தில் கண்டார்கள், 1900இல் காப்புரிமை பூபினுக்குக் கிடைத்தது, பணமும் அவருக்கே கிடைத்தது, ஹெவிசைடுக்கு ஒன்றுமில்லை. ஏறக்குறைய 1.8 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைக்கப்பட்ட இந்தச் சுருள்கள் குரலுக்கு உரிய அதிர்வுகளை ஒரே சீராகக் கொண்டு சேர்த்தன; ஆனால் அதற்கு விலையாக, குரலுக்கு மேற்பட்ட அதிர்வுகளுக்கு வழியை அடியோடு அடைத்துவிட்டன. நூறாண்டுகளுக்குப் பிறகு டி.எஸ்.எல். வைக்க முற்பட்ட கம்பெனிகள், இத்தகைய சுருள்கள் இருந்த கம்பிகளில் பூமிக்கடியிலும் கம்பங்களிலும் அவற்றைத் தேடிப் பிடித்து நீக்கவேண்டியிருந்தது.

சுருளற்ற கம்பியிலும் உயர்ந்த அதிர்வுகளுக்குப் பயணம் சுலபமன்று. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடத் தொடங்குவதால், செம்பின் உட்பகுதி வீணாகித் தடை அதிகரிக்கிறது. கம்பி நீளமானால் தேய்வும் அதற்கேற்பக் கூடுகிறது. பொறியாளர்கள் இந்தத் தேய்வை டெசிபல் கணக்கில் கூறுவர்: 10 டெசிபல் என்றால் புறப்பட்ட சக்தியில் பத்தில் ஒரு பங்கே வந்து சேர்கிறது, 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு, 60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் பொறுக்கியெடுத்துப் பொருள் கண்டுபிடிக்க நவீனக் கருவிகளால் முடிகிறது என்பதை நினைக்கும்போது, அலமாரியின்மேல் தூசி படிந்து கிடக்கும் மோடத்தின் மீது நமக்குச் சற்று மரியாதை தோன்றவேண்டும்.

தேய்வைவிடப் பொல்லாதது அண்டை வீட்டார் தொந்தரவு. ஒரே கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான ஜோடிகள் நெருக்கியடித்துக்கொண்டு செல்வதால், ஒரு ஜோடியில் ஓடும் சமிக்ஞை பக்கத்து ஜோடியிலும் கசிகிறது. பழைய நாளில் நம் பேச்சுக்கு நடுவே முன்பின் தெரியாத யாரோ இருவர் கல்யாணப் பேச்சு நடத்துவது காதில் விழுந்தால் ‘கிராஸ் டாக்’ என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் வைப்போம். உயர்ந்த அதிர்வுகளில் இந்தக் கசிவு மேலும் மேலும் அதிகமாகிறது. டி.எஸ்.எல். இன் வேகத்துக்கு இறுதி எல்லை கட்டுவது பெரும்பாலும் இதுவே.

இந்த இடத்தில்தான் ஜோசப் லெக்லைடர் என்பவரின் பெயர் வருகிறது. அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிகளுக்காக ஆராய்ச்சி நடத்திய பெல்கோர் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். 1980களின் பிற்பகுதியில் அவர் கவனித்த சங்கதி இது: தொலைபேசி நிலையத்தின் அருகில் எல்லா ஜோடிகளும் ஒரே கட்டாகக் கூடியிருக்கின்றன, வீடுகளிலிருந்து களைத்து வந்து சேரும் மெல்லிய சமிக்ஞைகள், நிலையத்திலிருந்து முழுப் பலத்தோடு புறப்படும் சமிக்ஞைகளின் பக்கத்தில் வந்து அகப்பட்டுக்கொள்கின்றன. வீட்டுப் பக்கத்திலோ கம்பிகள் தெருத்தெருவாகப் பிரிந்துவிடுகின்றன. அங்கே இந்த நெருக்கடி குறைவு. ஆகவே இரு திசைகளுக்கும் சமமாகப் பங்கிடுவதை விட்டு, வீட்டிலிருந்து நிலையத்துக்கு வருவதற்குக் கீழ்மட்ட அதிர்வுகளில் சிறு பகுதியும், நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போவதற்கு எஞ்சிய பெரும்பகுதியும் ஒதுக்கிவிட்டால் மொத்தத்தில் அதிக லாபம் என்று அவர் கண்டார். ஏ.டி.எஸ்.எல். என்ற முறை இப்படிப் பிறந்தது. அந்நாளில் தொலைபேசிக் கம்பெனிகளுக்கு இணையத்தின் மீது நாட்டமில்லை. கேபிள் டெலிவிஷன்காரர்களோடு போட்டியிட்டு, கேட்ட நேரத்தில் கேட்ட சினிமாவை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பதே அவற்றின் ஆசை. சினிமாவை அனுப்புவதற்கு ஒருவழிப் பாதை அகலமாக இருந்தால் போதுமே! பௌதிக நியாயமும் வியாபார நியாயமும் ஒரே திசையைக் காட்டியபடியால், வீட்டில் இருப்பவர் பெறுகிறவரே தவிரக் கொடுக்கிறவர் அல்லர் என்ற தீர்ப்பு, யாரும் வாயைத் திறந்து சொல்லாமலே அந்தக் கம்பிக்குள் எழுதப்பட்டுவிட்டது. இதன் பலனைச் சிறு தொழில் செய்கிறவர்கள்தான் பிற்பாடு அனுபவித்தார்கள். அதைப் பின்னர் கூறுவேன்.

ஒதுக்கிய அதிர்வுகளில் செய்தியை எப்படி ஏற்றுவது என்பதிலே இரண்டு கட்சிகள் இருந்தன. ஒரு கட்சியார், அகலமான ஒரே சமிக்ஞையாக அனுப்பிவிட்டு, வழியில் நேர்ந்த கோணலைப் பெறும் இடத்தில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் சியோஃபியும் அவர் 1991இல் தொடங்கிய அமாட்டி என்ற சிறு கம்பெனியும் வேறு மார்க்கம் கூறினார்கள். முழு அகலத்தையும் 256 சிறு தொனிகளாகப் பிரிப்பது; ஒரு தொனிக்கும் அடுத்த தொனிக்கும் இடைவெளி 4.3125 கிலோஹெர்ட்ஸ், ஆக மொத்தம் 1.104 மெகாஹெர்ட்ஸ். பெரிய நிலத்தைப் பாத்தி பாத்தியாகக் கட்டி, மண்வளமுள்ள பாத்தியில் நெருக்கி நட்டு, சுமாரான பாத்தியில் கலக்க நட்டு, களர் விழுந்த பாத்தியைத் தரிசாகவே விட்டுவிடுகிற குடியானவனைப் போல, ஒவ்வொரு தொனியிலும் இரைச்சல் எவ்வளவு, தேய்வு எவ்வளவு என்று அளந்து, நல்ல தொனியில் ஒரு தடவைக்கு 15 பிட் வரையிலும், கெட்ட தொனியில் இரண்டோ மூன்றோ, உதவாத தொனியில் ஒன்றுமேயில்லாமலும் ஏற்றுவது என்பது அவர்கள் திட்டம்.

இந்த எண்ணத்தின் வேர் பழையது. வெயின்ஸ்டைனும் எபர்ட்டும் 1971இலேயே, இத்தனை தொனிகளுக்கும் தனித்தனிக் கருவி வைக்காமல் ஃபூரியர் கணிதத்தால் ஒரே கணக்கில் உண்டாக்கிவிடலாம் என்று காட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கை விரைவாகச் செய்யும் முறையைக் கூலியும் டூக்கியும் 1965இல் பிரசித்தப்படுத்தியிருந்தார்கள். ஆனால் விநாடிக்கு 4000 தடவை அதைச் செய்து முடிக்கும் மலிவான சில்லுகள் வரும்வரை எல்லாம் காகிதத்திலேயே கிடந்தன. 1993இல் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் போட்டிக் கட்சிகளின் கருவிகளை ஒரே விதமான கம்பிகளில் வைத்துப் பரீட்சித்தபோது, பெரிய பெரிய கம்பெனிகளின் கருவிகளை அமாட்டியின் கருவி தெளிவாக வென்றது. அமெரிக்கத் தர நிர்ணயக் குழு அந்த முறையையே ஏற்றுக்கொண்டது. 1999இல் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கமும் அதனை உலகப் பொதுத் தரமாக வெளியிட்டது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் விந்தை விளங்கும். நல்ல தொனி ஒன்றில் 15 பிட், விநாடிக்கு 4000 தடவை. ஆக 60 கிலோபிட். பழைய மோடம் முழுக் கம்பியையும் அடைத்துக்கொண்டு, வீட்டாரின் வாயையும் அடைத்து, மூச்சுப் பிடித்து எட்டிய 56 கிலோபிட்டை, இங்கே 256 தொனிகளில் ஒன்று தனியாகவே தாண்டிவிடுகிறது.

மோடத்தை இயக்கியதும் இணைப்பைக் குறிக்கும் விளக்கு சிறிது நேரம் கண்சிமிட்டி, வேகமாகத் துடித்து, பிறகு நிலையாக எரிவதை யாவரும் பார்த்திருப்போம். அந்தச் சில விநாடிகளில் நடப்பது ஒரு பெரிய விசாரணை. நிலையத்து இயந்திரமும் வீட்டு மோடமும் தெரிந்த சமிக்ஞைகளை ஒன்றுக்கொன்று அனுப்பி, ஒவ்வொரு தொனியும் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று அளந்து, எந்தத் தொனிக்கு எத்தனை பிட் என்ற ஜாதகத்தைக் கணித்துப் பரிமாறிக்கொள்கின்றன. அந்த ஜாதகம் உங்கள் கம்பிக்கு மட்டுமே உரியது. எதிர்வீட்டுக் கம்பிக்கு வேறு. சில மோடங்களின் உட்பக்கத்தில் இதனைப் படமாகவே காணலாம். சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு 720 கிலோஹெர்ட்ஸில் நடக்கிறது, 4.3125ஆல் வகுத்தால் அது 167ஆம் தொனியின்மீது நேராக வந்து விழுகிறது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் 217ஆம் தொனியில் விழுகிறது. ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகிலே கம்பத்தில் தொங்கிவரும் கம்பியே ஆகாயத் தந்தியாகி அந்த ஒலிபரப்பைப் பிடித்துவிட்டால், அந்தத் தொனியிலும் அதன் பக்கத்துத் தொனிகளிலும் பிட்டுகளைக் குறைத்துவிட்டு, மற்றவற்றில் வேலையைத் தொடரலாம். ஒரே சமிக்ஞையாக அனுப்பியிருந்தால் இந்த ஓட்டை முழு வேகத்தையும் பாதித்திருக்கும். இணைப்பு நிலைத்த பிறகும் விசாரணை ஓய்வதில்லை. ஒரு தொனி கெட்டுப்போனால் அதிலிருந்த பிட்டுகளை எடுத்து வேறொரு நல்ல தொனிக்கு மாற்றும் காரியம், நாம் அறியாமலே நடந்துகொண்டிருக்கிறது.

டி.எஸ்.எல். இன் உண்மையான பெருமை இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன் வந்த தொலைத்தொடர்பு முறைகள் கம்பி இப்படி இருக்கவேண்டும் என்று விதித்தன. இதுவோ இருக்கிற கம்பியின் குறைகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. ஆகையால் வேகம் என்பது கம்பெனி விளம்பரத்தில் போடுகிற எண் அல்ல. உங்கள் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையேயுள்ள அந்த ஒரு ஜோடிக் கம்பி எழுதிக்கொடுக்கிற எண்.

நம் நாட்டில் இதன் பிரவேசம் சற்றுத் தாமதமாகவே நிகழ்ந்தது. 2004இல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்டு கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்டு என்று வரையறுத்தது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் ஏ.டி.எஸ்.எல். சேவையைத் தொடங்கியது. சிற்றூர் வரையில் தொலைபேசி நிலையமும் செம்புக் கம்பியும் ஏற்கெனவே இருந்தமையால், புதிதாகப் பள்ளம் தோண்டாமல், நிலையத்தில் ஓர் இயந்திரமும் வீட்டில் ஒரு மோடமும் வைத்து விஷயத்தை முடித்துக்கொள்ள முடிந்தது. மாதத்துக்கு இவ்வளவு மெகாபைட் என்று அளந்து கொடுத்த அந்நாளில், இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்றொரு திட்டம் இருந்தது. கல்லூரி மாணவர்கள் பலர் அலாரம் வைத்து எழுந்து, பிரம்ம முகூர்த்தத்துக்கு முன்பே பதிவிறக்கத்தில் அமர்ந்ததற்கு அதுவே காரணம். பரீட்சைக்காக அவர்கள் அந்நேரத்தில் எழுந்ததாக வரலாறு இல்லை.

சந்தாதாரர் தாமாகவே அறிந்துகொள்ளக்கூடிய சில விஷயங்கள் உண்டு. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், இணைப்பு நிலை என்ற தலைப்பின் கீழ் தேய்வு, எஸ்.என்.ஆர். மார்ஜின் என்ற இரண்டு எண்கள் இருக்கும். தேய்வு 41 டெசிபல் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெல்லிய கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபல் என்பது வழக்கமான உத்தேசக் கணக்கு. வகுத்தால் கம்பியின் நீளம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நிலையம் உங்கள் தெருமுனையிலேயே இருந்தும் இந்த எண் வந்தால் வியப்படைய வேண்டாம். கம்பி காக்கை பறக்கிற வழியில் வருவதில்லை, பில்லர் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டுதான் வரும். இரண்டாவது எண், இரைச்சல் இன்னும் எவ்வளவு அதிகரிக்கும்வரை இணைப்பு தாங்கும் என்பதைக் காட்டும் கையிருப்பு. பெரும்பாலும் 6 டெசிபல் கையிருப்பு வைத்தே வேகம் நிர்ணயிக்கப்படுகிறது. அது 3க்கும் 2க்கும் இறங்கிவிட்டால் மாலையில் மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பினாலும் இணைப்பு அறுந்துபோகக்கூடும். வேகத்தைச் சற்றுக் குறைக்கச் சொல்லிக் கேட்டு, கையிருப்பை உயர்த்திக்கொள்வதே அத்தகைய கம்பிக்கு நல்லது. குறைந்த வேகத்தில் அறாமல் நிற்கும் இணைப்பு, அதிக வேகத்தில் மணிக்கு ஆறு முறை அறுந்து சேரும் இணைப்பைவிட மேலானது என்பதைச் சந்தாதாரர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொரு பரீட்சைக்குக் கணினியே வேண்டாம். தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்று கம்பி மௌனமாகும். அந்த மௌனத்தில் கரகரப்போ ரீங்காரமோ கேட்டால், குறை மோடத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கரகரப்பு அதிகம். பூமிக்கடியில் போகும் கேபிளில் தண்ணீர் புகாதிருக்க ஒருவகை ஜெல்லியை அடைத்திருப்பார்கள். ஆனால் இணைப்புகளிலும், சாலையோரப் பில்லர் பெட்டியிலும், வீட்டருகில் கம்பத்திலிருக்கும் டி.பி. பெட்டியிலும் கம்பி முனைகள் திறந்தே நிற்கின்றன. கதவு உடைந்த பில்லர் பெட்டிக்குள் வெள்ளை–நீலம், வெள்ளை–ஆரஞ்சு என்று வர்ணம் பார்த்துக் கட்டிய ஜம்பர் கம்பிகள் சிக்கலாகத் தொங்க, முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதை மழைக்குப் பின் எவரும் பார்க்கலாம். அந்தப் பச்சைதான் தொனிகளைத் தின்கிற பூச்சி. லைன்மேன் வந்து முனையை வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கிவிட்டுப் போனால், ஒரு மெகாபிட் கூடுதலாக வந்துவிடுவதுண்டு. அதில் மாயம் ஏதுமில்லை.

வீட்டுக்குள் கவனிக்கவேண்டியது ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி. கம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதனிடம் வரவேண்டும். அங்கிருந்து ஒரு கிளை தொலைபேசிக்கு, மற்றொன்று மோடத்துக்கு. மாடியில் ஒரு தொலைபேசி, கூடத்தில் ஒன்று என்று ஸ்பிளிட்டருக்கு முன்பாகவே பாரலல் இழுத்திருந்தால், மணி அடிக்க வரும் 75 வோல்ட் மின்சாரமும், எடுத்து வைக்கும் அதிர்ச்சியும், உபயோகமற்ற கிளைக்கம்பியின் முனையில் மோதித் திரும்பும் அலைகளும் சேர்ந்து தொனிகளைக் கலக்கிவிடும். மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் போய்விடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

கம்பி கொடுத்த வேகம் முழுதும் கைக்கு வருவதில்லை என்பதும் உண்மை. ஏ.டி.எஸ்.எல். இல் செய்தி 53 பைட்டுக் கட்டுகளாகப் போகிறது. அவற்றில் 5 பைட்டு மேல்விலாசம். இன்னும் சில உறைகளும் சேர்வதால், இணைப்பு 2048 கிலோபிட் என்று காட்டினாலும், எட்டால் வகுத்து, விலாசச் செலவையும் கழித்தால், கோப்பு இறங்குவது விநாடிக்குச் சுமார் 210 முதல் 220 கிலோபைட். இதற்கும் மேலாக, உங்கள் கம்பி உங்களுக்கே சொந்தமானாலும், நிலையத்துக்கு அப்பால் உள்ள பாதை ஊருக்குப் பொது. சாயங்காலத்தில் ஊரே அதில் கூடும்போது ஏற்படும் மந்தத்துக்குக் கம்பியை நோவதில் பயனில்லை.

சிறு தொழில்களின் விஷயத்துக்கு வருவோம். கடையில் பில் போடுவதற்கும், ரயில் டிக்கெட் பதிவு செய்வதற்கும், வரிக் கணக்கு அனுப்புவதற்கும் ஏ.டி.எஸ்.எல். தாராளமாகப் போதும். ஆனால் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் படங்கள் நிறைந்த காலண்டர் கோப்பை அனுப்பவேண்டிய வடிவமைப்பாளரின் நிலை என்ன? 200 மெகாபைட் கோப்பு. மேல்நோக்கிய வேகம் 512 கிலோபிட். ஒன்றும் தடங்கலில்லாவிட்டால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதே கோப்பை 8 மெகாபிட் இணைப்பில் இறக்குகிறவருக்கோ நான்கு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதே இணைப்பில் வேறொருவர் ஒரு பக்கத்தைத் திறக்க முயன்றால் அதுவும் தள்ளாடும். ஏனெனில் கீழே இறங்கும் ஒவ்வொரு கட்டுக்கும் ‘கிடைத்தது’ என்ற ஒப்புகைச் சீட்டு மேலே ஏறவேண்டும், அந்தச் சீட்டுகள் காலண்டர் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. வீட்டுக்காரர் பெறுகிறவர் மட்டுமே என்று முன்பு எழுதப்பட்ட தீர்ப்பின் விளைவு இது. இரண்டு திசையிலும் சம வேகம் வேண்டுகிறவர்களுக்காக எஸ்.எச்.டி.எஸ்.எல். என்ற வகையும் உண்டு. ஒரு ஜோடியில் இருபுறமும் 2.3 மெகாபிட் வரை கொடுக்கும். ஆனால் அது குரலுக்குரிய இடத்தையும் தானே எடுத்துக்கொள்வதால், தொலைபேசிக்கு வேறு கம்பி வேண்டும், கட்டணமும் வேறு. வங்கிக் கிளைகளும் பெரிய அலுவலகங்களும் வாங்கின. காலண்டர்க்காரர் பென்டிரைவில் போட்டுப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

பின்னால் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2003இல் வந்த ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ், தொனிகளை 512 ஆக இரட்டித்து 24 மெகாபிட் வரை கொடுத்தது. ஆனால் மேல் பாதித் தொனிகள் தூரம் தாங்காதவை, ஆதலால் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் பழையதற்கும் புதியதற்கும் பேதமில்லை. 2006இல் வந்த வி.டி.எஸ்.எல். 2, அதிர்வெண்ணை 30 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தி, சில நூறு மீட்டருக்குள் 100 மெகாபிட்டை எட்டியது. அதற்காகக் கண்ணாடி இழையைத் தெருவரை கொண்டுவந்து, கடைசித் துண்டுக்கு மட்டும் செம்பை வைத்துக்கொண்டார்கள். 2010இல் தரப்படுத்தப்பட்ட வெக்டரிங் என்ற முறை, ஒரு கேபிளிலுள்ள எல்லா ஜோடிகளின் கசிவையும் முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கு எதிரான சமிக்ஞையைச் சேர்த்தனுப்பிக் கிராஸ் டாக்கை அழித்தது. கணித வித்தையில் இதற்கு இணை சொல்வது அரிது. அது எங்கும் பரவுவதற்குள், கண்ணாடி இழையையே வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாம் என்ற அளவுக்கு இழையின் விலை இறங்கிவிட்டது.

நம் ஊர்களிலும் பில்லர் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்வுபெற, கம்பத்துக்குக் கம்பம் கறுத்த மெல்லிய இழை தொங்குகிறது. கண்ணாடி இழையில் அண்டை ஜோடியின் கசிவு என்பதே கிடையாது. லெக்லைடர் கண்ட நெருக்கடியும் அங்கே இல்லை. இருந்தும், இன்று வீடுகளுக்கு மிகுதியாகக் கொடுக்கப்படும் ஜி-பான் என்ற இழை முறையில், ஒரு கிளைக் கூட்டத்துக்கே பொதுவாக இறங்குவது விநாடிக்கு 2.488 கிகாபிட், ஏறுவது அதில் பாதியான 1.244. இரு திசைக்கும் சரிசமமாக 10 கிகாபிட் என்ற தரத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் 2016இல்தான் வெளியிட்டது; இழை இணைப்புக்கு விண்ணப்பம் எழுதுகிற கடைக்காரர், இறங்கும் வேகத்தோடு ஏறும் வேகத்தையும் கேட்டு, இரண்டையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது உசிதம்.